தாரகோனா (ஸ்பெயின்): ரோமானிய நகரத்தை எந்த வரிசையில் பார்ப்பது? முழங்கால் வலி உள்ளவர்களோடு போக யோசனை தேவை

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் அப்பா, அம்மாவோடு பார்சிலோனா போகிறோம். நடுவில் ஓர் இரவு தாரகோனாவில் தங்கலாம் என்று எண்ணம். ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்து, திங்கள் சாயங்காலம் பார்சிலோனா திரும்புவதாகத் திட்டம். ரோமானியர் காலத்து இடங்கள்தான் முக்கியம். கடலில் குளிப்பதெல்லாம் இரண்டாம்பட்சம்.

ரயில் டிக்கெட் தேடினால் 'தாரகோனா', 'காம்ப் டெ தாரகோனா' என்று இரண்டு ஸ்டேஷன் காட்டுகிறது. இரண்டாவதற்கு அரை மணி நேரம்தான் ஆகும் போலிருக்கிறது. அதையே எடுக்கலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் நன்றாக நடப்பார், படி ஏறுவதுதான் முடியாது. எங்கே தொடங்கி எங்கே முடித்தால் ஏற்றம் குறையும்? ஊருக்கு வெளியே உள்ள ரோமானிய நீர்ப்பாலத்துக்கு வாடகைக் கார் எடுக்காமல் போக வழி உண்டா? நாங்கள் மூன்று பேருமே சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கல்தச்சன்:

வணக்கம். முதல் வேலையாகப் பயண நாட்களை மாற்றுங்கள். நகராட்சியின் கையில் உள்ள ரோமானிய இடங்கள் (மதில் நடைபாதை, சர்க்கஸ் என்கிற தேரோட்டக் களம், பிரெத்தோரி கோபுரம், ஆம்பிதியேட்டர் என்கிற வட்டமான காட்சி அரங்கம், கீழ் நகரத்து ஃபோரம் என்கிற பொதுச் சதுக்கம்) எல்லாமே திங்கட்கிழமை பூட்டு. ஞாயிறு மதியத்துக்குமேல் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். கதீட்ரலிலும் ஞாயிறு வழிபாட்டு நாள், சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு நேரம் ஒதுக்குவது அரிது. நீங்கள் போட்டிருக்கும் ஞாயிறு மதியம் முதல் திங்கள் மாலை வரை என்பது வாரத்திலேயே மோசமான ஒன்றரை நாள். செவ்வாய்–புதன் அல்லது வெள்ளி–சனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வரிசை. இந்த ஊரை மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். கடலை ஒட்டிய ஸ்டேஷனில் இறங்குபவர்கள் முதலில் கண்ணில் படும் ஆம்பிதியேட்டருக்குள் உச்சி வெயிலில் நுழைவார்கள். பிறகு சர்க்கஸ், பிறகு கதீட்ரல் என்று மூச்சு வாங்க ஏறுவார்கள். மேலே சேரும்போது கால் ஓய்ந்திருக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், ஊர் எப்படி அமைந்தது என்பதே பிடிபடாமல் போய்விடும்.

அமைப்பு இதுதான். கி.மு. 218-இல் கார்த்தேஜ் தளபதி ஹனிபாலோடு நடந்த போரின்போது, ஸ்கிப்பியோ என்ற ரோமானியத் தளபதிக் குடும்பத்தார் இங்கே குன்றின்மேல் ராணுவ முகாம் போட்டார்கள். அதுதான் பின்னால் தாராக்கோ என்ற மாகாணத் தலைநகரானது. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் குன்றின் சரிவை மூன்று மாடித் தளங்களாக வெட்டிச் சமன்செய்தார்கள். உச்சித் தளத்தில் கோயிலும் அதன் பிராகாரமும், நடுத் தளத்தில் மாகாண நிர்வாகத்துக்கான பெரிய சதுக்கம், மூன்றாவது தளத்தில் தேரோட்டப் பந்தயத்துக்கான சர்க்கஸ். மதிலுக்கு வெளியே கடலைப் பார்த்த சரிவில் ஆம்பிதியேட்டர். இன்றைய பழைய நகரம், அதாவது 'பார்ட் ஆல்தா', இந்த மூன்று தளங்களுக்கு உள்ளேயேதான் குடியிருக்கிறது. ரோமானியச் சுவர் ஒரு வீட்டின் பின்சுவராக நிற்கும், வளைவு ஒன்று கடையின் உட்கூரையாக இருக்கும். மேலிருந்து இறங்கினால் கோயில், சதுக்கம், சர்க்கஸ், ஆம்பிதியேட்டர் என்று தளம் தளமாக விளங்கும். அம்மாவுக்கும் இறக்கமாகவே அமையும்.

ஸ்டேஷனிலோ ஹோட்டலிலோ டாக்ஸி எடுத்து 'போர்த்தல் டெல் ரொசேர்' என்று சொல்லுங்கள். மேற்குப் பக்க மதில் வாசல் அது. மேல்நகரத்து உட்சந்துகளுக்குள் கார் போகாது. வண்டி போகக்கூடிய இடங்களில் இதுவே நமக்குத் தோதானது. பக்கத்திலேயே பல்யோல் சதுக்கத்தில், இரண்டாம் நூற்றாண்டுத் தாராக்கோ முழுவதையும் காட்டும் பெரிய மாதிரி வடிவம் வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் அதன் முன்னால் நின்று அப்பாவுக்கு மூன்று தளங்களையும் காட்டிவிடுங்கள். இதைத் தவறவிட்டால் மற்ற இடங்கள் தனித்தனி இடிபாடாகத்தான் தெரியும்.

அங்கிருந்து மதில் நடைபாதை. ஆதியில் சுமார் 3.5 கிலோமீட்டர் நீண்ட மதில். இன்று நிற்பது சுமார் 1.1 கிலோமீட்டர். அடியில் செதுக்காத பெரிய பெரிய பாறைகள். அதன்மேல் செதுக்கிய கல் வரிசை. அந்தச் செதுக்கிய கற்களை மட்டும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சிலவற்றில் ஒற்றை எழுத்தாகக் கீறல்கள் இருக்கும். அவை லத்தீன் எழுத்துகள் அல்ல, இபேரிய எழுத்துகள். கட்டச் சொன்னவர்கள் ரோமானியர்கள், கல் உடைத்து அடுக்கியவர்களில் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. வெயில் பக்கவாட்டில் விழும் காலையிலும் மாலையிலும்தான் கீறல் தெளிவாகத் தெரியும். பாதை பெரும்பாலும் சரளை மண், அங்கங்கே சில படிகள். மினெர்வா கோபுரத்தின் அடியில் கல்லில் செதுக்கிய தலைகளும் உண்டு.

அடுத்தது கதீட்ரல். மயோர் தெருவிலிருந்து வந்தால் முகப்பில் நீண்ட படிக்கட்டு குறுக்கிடும். மதில் பக்கமிருந்து மேல் தெருக்கள் வழியாக வந்தால் பெரும்பகுதி படி மிச்சம். முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸுக்கு எழுப்பிய கோயில் இருந்த இடம் இதுதான். கி.பி. 15-இல் அவருக்குக் கோயில் கட்ட இவ்வூர்க்காரர்கள் அனுமதி கேட்டார்கள், அடுத்த பேரரசர் திபேரியஸ் கொடுத்தார். கரூர், கோவைப் பக்கம் குவியல் குவியலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் முகம் பதித்திருக்கும் அதே அகஸ்டஸ், அதே திபேரியஸ். அகஸ்டஸ் கி.மு. 26–25-இல் இந்த ஊரில் தங்கித்தான் வடக்கே நடந்த கான்டாப்ரியப் போரைக் கவனித்தார். அவர் பெயரில் இங்கிருந்த பலிபீடத்தில் ஒரு பனை முளைத்ததை ஊரார் பெரிய சகுனமாக அவரிடம் போய்ச் சொன்னார்களாம். 'நீங்கள் அதில் எவ்வளவு அடிக்கடி நெருப்பு மூட்டுகிறீர்கள் என்பது தெரிகிறது' என்று பதில் வந்ததாம். பிறகு ஊர்க் காசிலேயே அந்தப் பனையை அச்சிட்டார்கள்.

கதீட்ரலைக் கட்டத் தொடங்கியது 12-ஆம் நூற்றாண்டு, அர்ப்பணித்தது 1331. உள்முற்றத்தைச் சுற்றிவரும் தாழ்வாரத்தைக் கட்டாயம் பாருங்கள். தூண் தலைப்புக்கு மேலே ஓர் எலி ஊர்வலம் செதுக்கியிருக்கிறது. செத்ததுபோல் படுத்த பூனையை எலிகள் பாடையில் தூக்கிப் போகின்றன. அடுத்த காட்சியில் பூனை எழுந்து பாய்கிறது. சின்னதாக இருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும். கதீட்ரலுக்குச் சீட்டு தனி. நகராட்சி இடங்களுக்குச் சீட்டு வேறு. நகராட்சி இடங்கள் நாலைந்தைப் பார்ப்பதென்றால் கூட்டுச்சீட்டு வாங்கிவிடுங்கள்.

சர்க்கஸ் பற்றித் தனியாக எழுதுகிறேன். ரயில் விஷயத்தைக் கடலோடி நன்றாகச் சொல்வார்.

கடலோடி:

வணக்கம். ரெண்டு ஸ்ரேசனையும் மாத்திக் கொள்ளாதேங்கோ. காம்ப் டெ தாரகோனா எண்டுறது அதிவேக ரெயினுக்காக ஊருக்கு வெளியில, வயல்வெளிக்குள்ள கட்டினது. ஊரில இருந்து பத்துக் கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். பார்சிலோனாவின்ர பெரிய ஸ்ரேசன் சான்ட்ஸில இருந்து அரை மணித்தியாலத்தில கொண்டுபோய் விடும், அது உண்மை. ஆனா இறங்கினபிறகு பஸ்ஸுக்குக் காத்து நிண்டு, இருபது நிமிசம் ஓடித்தான் ஊருக்குள்ள வரலாம். பஸ் தவறினா ராக்ஸிதான். மிச்சம் பிடிச்ச நேரமும் காசும் அதிலேயே போயிடும். மட்ரிட்டில இருந்து வாறவைக்குத்தான் அந்த ஸ்ரேசன் பிரியோசனம்.

நீங்கள் எடுக்கவேண்டியது பிராந்திய ரெயின். ஆர்14, ஆர்15, ஆர்16, ஆர்17 எண்டு போட்டிருக்கும். சான்ட்ஸிலயும் ஏறலாம், பஸேச் டெ கிராசியாவிலயும் ஏறலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல, ஒண்டேகால் மணித்தியாலம் மட்டில பிடிக்கும். இருக்கை நம்பர் இல்லை, அண்டைக்கு ஸ்ரேசனிலேயே ரிக்கெற் எடுக்கலாம். அதே ரிக்கெற்றோட யூரோமெட் மாதிரி நெடுந்தூர ரெயினில ஏறினா செல்லாது, தண்டம் கட்டவேண்டி வரும். பிளாட்பாரத்துப் பலகையில ரெயின் வகையைப் பார்த்து ஏறுங்கோ. போகேக்க இடப்பக்க ஜன்னலில இருந்தா கடல் தெரியும், கராஃப் பக்கம் பாதை கடலை ஒட்டியே போகும். இந்தப் பாதையில சுணக்கம் அடிக்கடி வரும். திரும்பிற அண்டைக்கே விமானம் இருந்தா, கடைசி ரெயினை நம்பாமல் ரெண்டு ரெயினுக்கு முந்தினதைப் பிடியுங்கோ.

இனி நீர்ப்பாலம். கார் தேவையில்லை. ஊருக்கு வடக்கே நாலு கிலோமீற்றர். ஊர் பஸ் 5-ஆம் நம்பர், சன் சல்வதோர் பக்கம் போறது. ஏறேக்கயே சாரதியிட்ட 'பொன் டெல் தியாப்ளே' எண்டு சொல்லி வையுங்கோ. சாத்தான்ர பாலம் எண்டுதான் ஊர்ச்சனம் சொல்லும். இறங்கிப் பைன் மரக் காட்டுக்குள்ளால ஒரு மண்பாதை போகும். கட்டணமும் இல்லை, பூட்டும் இல்லை. அங்க கடை கிடையாது, தண்ணி கொண்டு போங்கோ. திரும்பிவாற பஸ்ஸை எங்க நிண்டு மறிக்கிறது எண்டதை இறங்கின உடனேயே பார்த்து வையுங்கோ. எதிர்ப்பக்கத் தரிப்பு நேர் எதிரில இருக்கும் எண்டு நினைச்சு வேகமா வாகனம் ஓடுற ரோட்டில நடக்கிறவை இருக்கினம், அது ஆபத்து.

பாலம் 217 மீற்றர் நீளம், 27 மீற்றர் உயரம். கீழ் அடுக்கில 11 வளைவு, மேல் அடுக்கில 25. சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டினது. பிரான்கொலி ஆத்துத் தண்ணியைத் தாராக்கோவுக்குக் கொண்டுவந்த கால்வாய், இந்தப் பள்ளத்தைத் தாண்டத்தான் இவ்வளவு உயரம் எடுத்திருக்கு. மேல தண்ணி ஓடின வாய்க்காலுக்குள்ளாலேயே ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்கு நடக்கலாம். ஒரு ஆள் போற அகலம்தான். எதிரில ஆள் வந்தா ஒதுங்குறது கஷ்டம், அதால சனம் குறைஞ்ச காலமையில போங்கோ. அம்மா மேல ஏறத் தேவையில்லை. கீழ பள்ளத்துப் பக்கம் இருந்து பார்க்கிறதுதான் முழு வடிவு. ஆனா பள்ளத்துக்கு இறங்கிற பாதை கல்லும் வேருமா இருக்கும், கைத்தடி இருந்தா நல்லது. அது ஏலாது எண்டா மேல் கரையிலேயே நிண்டு பார்க்கட்டும்.

அடுப்பங்கரை:

சைவச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும். அங்கே 'இறைச்சி வேண்டாம்' என்றால் மாடும் கோழியும் வேண்டாம் என்று மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மீனும் ஹமோன் என்கிற உப்பிட்ட பன்றித்தொடையும் அந்தக் கணக்கில் சேராது. அதனால் 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன், சின் அதூன், சின் வெவோ' என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். முறையே இறைச்சி, மீன், ஹமோன், சூரை, முட்டை இல்லாமல் என்று பொருள். காகிதத்தில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது.

தைரியமாகச் சாப்பிடக்கூடியவை: பா அம் தொமாகெத், அதாவது சுட்ட ரொட்டியில் பழுத்த தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்டது. எஸ்கலிவாதா, கத்திரிக்காயும் குடைமிளகாயும் வெங்காயமும் தணலில் சுட்டுத் தோலுரித்தது. நம் ஆட்களுக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் சில இடங்களில் மேலே நெத்திலி வைப்பார்கள், 'சின் அன்சோவாஸ்' என்று சொல்லிவிடுங்கள். உலர்திராட்சையும் பைன் கொட்டையும் போட்டு வதக்கிய பசலைக்கீரையும் உண்டு. அதில் ஹமோன் துண்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சாந்து ரொமெஸ்கோ. பாதாம், ஹேசல்நட், ஞோரா என்ற காய்ந்த மிளகாய், சுட்ட தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வினிகர் சேர்த்து அரைப்பது. காரம் கிடையாது, சுட்ட வாசனை தூக்கலாக இருக்கும். சுட்ட காய்கறிக்குத் தொட்டுக்கொள்ளக் கேட்டு வாங்குங்கள். ஆனால் செரால்யோ என்கிற மீனவர் குடியிருப்பில் ரொமெஸ்கோ என்றாலே மீன் குழம்பாக வந்து நிற்கலாம்.

ஏமாற்றும் பொருட்கள் சில. பச்சைக் காய் சாலட்மேல் சூரை மீன் போட்டுத் தருவது சர்வ சாதாரணம். பச்சை ஆலிவுக்குள் நெத்திலி அடைத்திருக்கும். அல்யோலி பூண்டும் எண்ணெயும் மட்டும்தான் என்பார்கள், கடைகளில் முட்டை சேர்த்தே அடிக்கிறார்கள். காய்கறிப் பாயெய்யா என்கிற அரிசிச் சோறு மீன் வேகவைத்த நீரில் வெந்திருக்கலாம். உருளைக்கிழங்கு தொர்தீயா முழுக்க முட்டை. இனிப்பில் கிரேமா கதலானாவிலும் முட்டை மஞ்சள்கருதான்; அதற்குப் பதில் கொட்டை வகைகளும் உலர்பழமும் வைக்கிற போஸ்ட்ரே தெ மூசிக் கேளுங்கள்.

நேரமும் முக்கியம். மதியச் சாப்பாடு ஒன்று முதல் மூன்றரை வரை. இரவுச் சாப்பாடு எட்டரைக்குமேல். ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய பெரியவர்களுக்கு இது பெரிய பாடு. கொர்சினி சதுக்கத்தில் 1915-இல் கட்டிய மத்தியச் சந்தை இருக்கிறது. காலையிலேயே பழம், ரொட்டி, ஆலிவ், பாதாம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் மட்டும் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, இரவை இதைக் கொண்டே ஒப்பேற்றலாம்.

வைகைக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. செவ்வாய் மதியம் போய் புதன் இரவு திரும்புவதாக மாற்றிவிட்டோம். கல்தச்சன் ஐயா, சர்க்கஸையும் ஆம்பிதியேட்டரையும் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள். அங்கே அம்மாவால் எவ்வளவு பார்க்க முடியும்? ஹோட்டலை மேல்நகரத்தில் எடுப்பதா, கீழேயா? தொல்லியல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா?

கல்தச்சன்:

ஹோட்டல் ரம்ப்ளா நோவாவில், கடல் பக்கக் கோடியை ஒட்டிப் பாருங்கள். அந்தத் தெரு சமதளம், அகலமான நடைபாதை, டாக்ஸி வாசலுக்கே வரும். மேல்நகரம் அழகுதான். ஆனால் பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை, பெட்டியைக் கல் பாவிய சந்தில் இழுத்துப் போக வேண்டும்.

சர்க்கஸும் பிரெத்தோரியும் ஒரே சீட்டு, உள்ளுக்குள் இணைந்தவை. சர்க்கஸ் முதல் நூற்றாண்டின் கடைசியில், பேரரசர் தொமித்தியன் காலத்தில் கட்டியது. நீளம் 300 மீட்டருக்குமேல், சுமார் 30,000 பேர் உட்காரலாம். மற்ற ஊர்களில் பெரும்பாலும் சர்க்கஸ் மதிலுக்கு வெளியே இருக்கும். இங்கே ஊருக்குள்ளேயே கட்டியதால்தான் பிற்காலத்து வீடுகள் அதன்மேல் ஏறி, இவ்வளவு மிச்சமிருக்கிறது. இருக்கைகளைத் தாங்கிய வளைகூரைச் சுரங்கங்கள் வழியாகத்தான் நுழைவீர்கள். கோடைக்கும் உள்ளே குளுமை, தரை பெரும்பாலும் சமம், அம்மா தாராளமாக வரலாம். பிரெத்தோரி என்பது கீழ்த் தளத்தையும் நடுத் தளத்தையும் இணைத்த படிக்கட்டுக் கோபுரம், இடைக்காலத்தில் அரண்மனை ஆனது. 1813-இல் நெப்போலியன் படை பின்வாங்கும்போது இதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. உள்ளே லிஃப்ட் உண்டு. வேலை செய்கிறதா என்று சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். மொட்டைமாடியில் நின்றால் கதீட்ரல், கூரைகள், ஆம்பிதியேட்டர், கடல் எல்லாம் ஒரே வரிசையில் தெரியும். பல்யோல் சதுக்கத்து மாதிரியில் பார்த்ததை நிஜத்தில் சரிபார்த்துக்கொள்ளும் இடம் இது.

வெளியே வந்ததும் பிளாசா டெ லா ஃபோன்ட் போங்கள். நகர மன்றம் இருக்கும் அந்த நீண்ட சதுக்கம் தேர்கள் ஓடிய களத்தின்மேல்தான் இருக்கிறது. நாற்காலி போட்டிருக்கும் கடைகள் சிலவற்றின் உள்கோடியில் ரோமானிய வளைவுகள் அப்படியே நிற்கின்றன. காப்பி வாங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

ஆம்பிதியேட்டர் இரண்டாம் நூற்றாண்டினது. உள்ளே நிழலே கிடையாது. இறங்கினால் திரும்ப ஏறியாக வேண்டும். அம்மா மேலேயே தோட்டத்து ஓரத்தில் நின்றால் முழு வடிவமும் பின்னால் கடலும் தெரியும், அதற்குச் சீட்டும் வேண்டாம். அப்பா மட்டும் இறங்கட்டும். ஒரு பக்கத்து இருக்கைகள் குன்றின் பாறையிலேயே வெட்டியவை, மறுபக்கம் கட்டியவை. எந்த இடத்தில் பாறை முடிந்து கட்டடம் தொடங்குகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். களத்தின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் குழிகள், விலங்குகளையும் காட்சிப் பொருட்களையும் மேலே ஏற்றுவதற்கானவை. கி.பி. 259 ஜனவரி 21-இல் ஆயர் ஃப்ருக்துவோசஸையும் அவருடைய இரண்டு திருத்தொண்டர்களையும் இங்கேதான் உயிரோடு எரித்தார்கள். அந்த நினைவாகக் களத்துக்குள்ளேயே, ரோமானியருக்குப் பின் ஆண்ட விசிகோத்தியர் காலத்தில் ஒரு தேவாலயமும், அதன்மேல் பின்னால் இன்னொன்றும் எழுந்தன. களத்தில் கிடக்கும் சுவர்கள் அவற்றுடையவை. ரோமானிய மேடை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பராமரிப்புக்காகச் சில பகுதிகளுக்கு வேலி போட்டிருக்கலாம்.

தொல்லியல் அருங்காட்சியகத்தின் பழைய கட்டடம் ரெய் சதுக்கத்தில் இருக்கிறது. புதுப்பிப்பதற்காக அதைப் பல ஆண்டுகள் மூடி, முக்கியமான பொருட்களைத் துறைமுகத்தின் 4-ஆம் எண் கிடங்கில் காட்சிக்கு வைத்தார்கள். போகும் வாரத்தில் எந்தக் கட்டடம் என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். இரண்டுக்கும் இடையே நல்ல தூரம், அதுவும் ஏற்றம். பாம்புக் கூந்தல்கொண்ட மெதூசாவின் முகம் பதித்த மொசைக்கும், குழந்தையின் கல்லறையில் கிடைத்த கைகால் அசையும் தந்தப் பொம்மையும் இந்த அருங்காட்சியகத்தின் பெருமை.

நேரப்படி சொன்னால்: செவ்வாய் சாப்பாடு முடிந்து நான்கு மணிக்கு டாக்ஸியில் மேலே போய் மாதிரி, மதில், கதீட்ரல். கதீட்ரலின் கடைசி நுழைவு நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, தேவையானால் மதிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். புதன் காலை ஒன்பதுக்குள் நீர்ப்பாலம், பதினொன்றுக்குப் பிரெத்தோரியும் சர்க்கஸும், பிறகு சாப்பாடும் ஓய்வும். வெயில் தாழ்ந்ததும் அப்பா ஆம்பிதியேட்டருக்கு. அம்மா 'மத்தியதரைக் கடலின் பால்கனி' என்கிற மேடையில் இரும்புக் கிராதியைத் தொட்டுக்கொண்டு கடலைப் பார்க்கலாம். அந்தக் கிராதியைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். ஸ்டேஷன் அங்கிருந்து பத்து நிமிட இறக்கம். நடுவில் படிகள் வரும், அதனால் பெட்டிகளோடு நீங்கள் மூவரும் ஹோட்டலிலிருந்தே டாக்ஸியில் போய்விடுங்கள்.